பயணக் கோட்டோவியத்திலிருந்து இளவேனில் தொடக்கத்து ஆற்றை நீர்வண்ணத்தில் தீட்டுவது எப்படி?

பயணத்தின்போது ஆற்றங்கரையில் நின்று பத்து நிமிடத்தில் கீறிக்கொண்ட ஒரு பென்சில் கோட்டோவியத்தைச் சில வாரங்கள் கழித்து மேசையில் விரித்து வண்ணம் தீட்ட உட்காரும்போது, அன்று அங்கே இல்லாத ஒன்றைக் கை தானாகவே சேர்க்கத் தொடங்குகிறது. அது பச்சை. மரம் என்றால் இலை, கரை என்றால் புல் என்று மனம் பழகியிருக்கிறது. பென்சில் கோட்டிலோ நிறம் இல்லை, ஆகவே மறுத்துச் சொல்ல அங்கே எதுவும் இல்லை. ஆனால் பின்பனி முழுதும் விலகாமல் இளவேனில் மெல்லத் தலைகாட்டும் அந்த இரண்டு மூன்று வாரங்களில், குளிர்நாட்டு ஆற்றங்கரையில் பச்சை மிக அரிது. நிறம் உண்டு, அது கிளை நுனிகளிலும், மொட்டுகளை மூடிய செதில்களிலும், சென்ற ஆண்டு காய்ந்த நாணலிலும், பனி உருகி வரும் கலங்கல் நீரிலும் இருக்கிறது. இந்தப் பருவத்தைத் தீட்டுவதில் உள்ள கடினம் பெரும்பாலும் பச்சையைக் கடைசிவரை தள்ளிவைப்பதில்தான் இருக்கிறது என்பது என் அனுபவம். கீழே சொல்லும் வரிசை அதற்காகவே அமைந்தது.

கோட்டோவியத்தை வாசித்தல்

தூரிகையை நனைப்பதற்கு முன் கோட்டோவியத்தை ஒரு கடிதத்தைப் போல வாசிக்க வேண்டும். ஆங்கில ஓவியர் டர்னர் தம் பயணங்களில் பெரும்பாலும் பென்சிலால் மட்டும் வரைந்துகொண்டு, வண்ணத்தைப் பிறகு அறைக்குள் இருந்து சேர்த்தவர்; அவர் விட்டுச்சென்ற ஏறத்தாழ 300 கோட்டோவியப் புத்தகங்கள் இன்று லண்டனில் டேட் காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளன. இன்னோர் ஆங்கில ஓவியரான கான்ஸ்டபிள் 1821, 1822 ஆண்டுகளில் லண்டனை அடுத்த ஹாம்ப்ஸ்டெட்டில் தீட்டிய வான ஆய்வுகள் பலவற்றின் பின்புறத்தில் தேதி, நேரம், காற்று வீசிய திசை ஆகியவற்றை எழுதிவைத்தார். இருவருக்கும் தெரிந்திருந்த உண்மை ஒன்றே: கண் பார்த்ததை நினைவு நெடுநாள் காப்பாற்றாது, ஒரு வரிக் குறிப்பு காப்பாற்றும்.

என்னிடம் உள்ள ஒரு பக்கத்தில் படகுத்துறை, ஒரு வளைவு, அக்கரை மரவரிசை ஆகியவற்றுக்குக் கீழே மூன்று வரிகள் எழுதியிருக்கிறேன். ‘அக்கரை மரம் பழுப்பு இல்லை, ஊதா. நீர் வானத்தைவிடக் கருமை. நாணல்தான் எல்லாவற்றிலும் வெளிச்சம்.’ முதல் தடவை அந்தப் பக்கத்திலிருந்து தீட்டியபோது கோடுகளை மட்டும் பார்த்தேன், வரிகளைப் படிக்கவில்லை. அக்கரைக்கு இளம்பச்சை வைத்த அந்த நிமிடமே படம் ஜூன் மாதத்துக்குப் போய்விட்டது. ஈரப் பஞ்சால் ஒற்றி எடுத்தும் மீட்க முடியவில்லை. இரண்டாவது தடவை அந்த மூன்று வரிகளையே ஓவியத்தின் திட்டமாக எடுத்துக்கொண்டேன், ஆறு தன் பருவத்துக்குத் திரும்பியது.

உங்கள் கோட்டோவியத்தில் குறிப்பு ஏதும் இல்லையென்றால், பயணத்தில் எடுத்த புகைப்படங்களைத் திறப்பதற்கு முன் நினைவில் இருப்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எது மிக வெளிச்சமாக இருந்தது, எது மிகக் கருமையாக இருந்தது, வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழுந்தது, காற்று இருந்ததா, நீர் தெளிந்திருந்ததா கலங்கியிருந்ததா என்ற ஐந்து கேள்விகளுக்கு விடை கிடைத்தால் போதும். அதன் பிறகு புகைப்படத்தைப் பார்க்கலாம், ஆனால் வடிவத்தைச் சரிபார்க்க மட்டுமே. கைபேசியின் அகன்ற லென்ஸ், கண் பெரிதாக உணர்ந்த அக்கரையைச் சிறுத்துத் தூரத்தில் தள்ளிவிடும். வானத்துக்கு எதிரே நிற்கும் கிளைக்கூட்டத்தின் மெல்லிய ஊதாவையும் பெரும்பாலும் கறுப்பாக்கிவிடும்.

வெயிலின் உயரத்தையும் இப்போதே முடிவு செய்துகொள்வது நல்லது. மார்ச் 20 அளவில் பகலும் இரவும் சமமாகும் நாளில், வட அகலாங்கு 50 பாகையில் உச்சிப்பொழுதிலும் சூரியன் 40 பாகை உயரத்தில்தான் நிற்கும்; ஆகவே மரத்தின் நிழல் மரத்தின் உயரத்தைப் போல ஏறத்தாழ 1.2 மடங்கு நீளும். அதே இடத்தில் ஜூன் மாத உச்சிப்பொழுதின் நிழல் மரத்தின் பாதி உயரமே இருக்கும். இலையில்லாத மரத்தின் நீண்ட நிழல் கரைமீது வலை விரித்ததுபோல் இடைவெளிகளோடு விழுகிறது. நிழலைக் குட்டையாக, அடர்த்தியாகப் போட்டுவிட்டால், மற்றவை எல்லாம் சரியாக இருந்தும் பார்ப்பவர் கண் அதைக் கோடை என்றே எடுத்துக்கொள்ளும்.

சின்னப் படமும் பெரிய தாளும்

அடுத்ததாக, தீப்பெட்டி அளவைவிடச் சற்றுப் பெரிய ஒரு கட்டத்துக்குள், மென்மையான பென்சிலால் மூன்றே மூன்று அளவு வெளிச்சத்தில் படத்தைப் போட்டுப் பார்க்க வேண்டும்: தாளின் வெண்மை, நடுச்சாம்பல், அடர்கருமை. ஓவியர்கள் டோன் என்று சொல்லும் இந்த வெளிச்ச அளவுதான் படத்தின் எலும்பு. வானமும் அதைப் பிரதிபலிக்கும் தொலைநீரும் வெளிச்சம், அக்கரை மரங்களும் நீரில் அவற்றின் பிரதிபலிப்பும் நடுத்தரம், அருகிலுள்ள கரையின் வேர்களும் ஈரமண்ணும் கருமை என்று அமைவது பொதுவாக இருக்கும். மேகமூட்டமான நாளாக இருந்து, நிழல் மறைவில் பனித்திட்டு இன்னும் கிடந்தால், அந்தப் பனி வானத்தைவிட வெளிச்சமாகத் தெரியும். இத்தகைய சின்னப் படங்கள் இரண்டு மூன்று போட்டுப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இதற்கு ஆகும் கால் மணி நேரத்தைச் சேமிக்க நினைத்தால், பிறகு நல்ல தாளில் ஒரு முழு மதியத்தை இழக்க நேரும்.

பெரிதாக்குவது எளிது. பயணப் புத்தகம் ஏ6 அளவாக இருந்தால் ஏ4 தாள் அதைப் போல ஒவ்வொரு பக்கமும் சரியாக இரண்டு மடங்கு. கோட்டோவியத்தின் மேல் ஒளிபுகும் தாளை வைத்து அதில் 2 சென்டிமீட்டர் கட்டங்களும், ஓவியத் தாளில் மிக மெல்லிய கோட்டில் 4 சென்டிமீட்டர் கட்டங்களும் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் பெரிய வடிவங்களை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மூலக் கோட்டோவியத்தின் மேல் எதையும் வரையாதீர்கள். அது ஒன்றுதான் அந்த நாளுக்குச் சாட்சி. தாள், சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்தித் தாளாக, மிதமான சொரசொரப்போடு இருக்கட்டும். அதை நான்கு பக்கமும் ஒட்டுநாடாவால் பலகையில் ஒட்டிவிடுங்கள்.

ஆற்றை வரைவதில் ஒரு தவறு எல்லோருக்கும் நேர்கிறது: ஆறு தட்டையாகக் கிடக்காமல், மேட்டின்மேல் ஏறும் பாதையைப் போல் எழுந்து நிற்கும். இதற்குக் காரணம், தொலைவிலுள்ள வளைவுகளை அருகிலுள்ள வளைவின் அகலத்திலேயே வரைவதுதான். முதலில் கண்மட்டக் கோட்டைப் போடுங்கள். அருகில் உள்ள வளைவு தாளில் 4 சென்டிமீட்டர் உயரம் எடுத்துக்கொண்டால், அதற்கு அடுத்தது 1 சென்டிமீட்டரும், அதற்கும் அப்பால் உள்ளது சில மில்லிமீட்டரும்தான் எடுக்கும். கண்மட்டத்தை நெருங்க நெருங்க நீரின் ஓரம் கிட்டத்தட்ட நேரான கிடைக்கோடாகிவிடும். வளைவின் இரு கரைகளும் ஒரேபோல் இருப்பதில்லை. வெளிவளைவில் நீர் வேகமாக ஓடிக் கரையை அரிப்பதால் அங்கே செங்குத்தான மண்சுவரும் வெளித்தெரியும் வேர்களும் இருக்கும். உள்வளைவில் வேகம் குறைந்து மணலும் கூழாங்கல்லும் படிவதால் சரிவு மென்மையாக இறங்கும். கோட்டோவியத்தில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கீறலாக இருந்தாலும், இதை அறிந்து வரைந்தால் ஆறு ஓடத் தொடங்கும்.

பனி உருகி ஆறு நிறைந்திருந்த நாளாக இருந்தால், கரைக்கோடு என்று ஒன்றையே தேட வேண்டாம். மரத்தண்டுகள் நேராக நீரிலிருந்து எழும். தண்டும் அதன் பிரதிபலிப்பும் ஒன்றோடொன்று இணைந்து ஒரே நீண்ட கோடாகும். ரஷ்ய ஓவியர் லெவித்தான் 1897இல் தீட்டிய ‘இளவேனில், பெருவெள்ளம்’ என்ற ஓவியத்தில், வெள்ளத்தில் நிற்கும் மெல்லிய மரங்களைப் பாருங்கள். மாஸ்கோவின் திரெத்தியாக்கோவ் காட்சியகத்தில் உள்ள அந்த ஓவியத்தில் இலைப்பச்சை ஏறக்குறைய இல்லை, நீல நீரும் வெளிறிய தண்டுகளும்தான். ஆனாலும் அதை வேறு எந்தப் பருவமென்றும் சொல்ல முடியாது.

வண்ணங்கள்

ஆறு குழாய்கள் போதும்: அல்ட்ராமரின் நீலம், செருலியன் நீலம், ரா சியன்னா (மஞ்சள் கலந்த பழுப்பு), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), பெர்மனென்ட் ரோஸ் (இளஞ்சிவப்பு), லெமன் எல்லோ (எலுமிச்சை மஞ்சள்). பழைய பெட்டிகளில் உள்ள அலிசரின் கிரிம்சன் என்ற சிவப்பு வெளிச்சத்தில் வெளுக்கக்கூடியது என்பதால், அதற்குப் பதிலாகவே ரோஸைச் சொல்கிறேன். தூரிகைகளில் 12ஆம் எண் வட்டத் தூரிகை ஒன்று, 8ஆம் எண் ஒன்று, தட்டைத் தூரிகை ஒன்று, கிளைகளுக்காக நீண்ட முடியுள்ள ரிக்கர் தூரிகை ஒன்று இருந்தால் வேலை முடியும்.

வீணான தாள் ஒன்றில் மூன்று கலவைகளை முன்கூட்டியே சோதித்துக்கொள்ளுங்கள். அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்த சாம்பலில் ஒரு துளி ரோஸ் விட்டால், தொலைவில் பர்ச், ஆல்டர் மரங்களின் கிளைக்கூட்டம் காட்டும் ஊதாச் சாம்பல் கிடைக்கும். ரா சியன்னாவில் சிறிதளவு லெமன் எல்லோவும் அதைவிடச் சிறிதளவு பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்தால், சாறேறிய வில்லோ கிளைகளின் மஞ்சள் கிடைக்கும். இலை விடுவதற்கு முன்பே இந்த மரத்தின் இளங்கிளைகள் தங்கம்போல் மினுங்குவது இப்பருவத்தின் முதல் அடையாளம். மூன்றாவது, மிக நீர்த்த ரா சியன்னா மட்டும். அது காய்ந்த நாணல். தட்டில் பச்சையை இப்போது கலக்கவே வேண்டாம்.

வானமும் நீரும் ஒரே மூச்சில்

பலகையைத் தலைப்பக்கம் சற்று உயர்த்திவைத்து, நாணல் பட்டையையும் பனித்திட்டையும், முன்கிளை ஒன்று வரப்போகிறதென்றால் அதன் மொட்டுகளின் இடத்தையும் விட்டுவிட்டுத் தாள் முழுவதையும் சுத்தமான நீரால் நனையுங்கள். வானத்தின் உச்சியில் செருலியனோடு சிறிது அல்ட்ராமரினைத் தொடங்கி, கீழே வரவர நீரைக் கூட்டி, அடிவானத்தை நெருங்கும்போது மிக மெல்லிய ரா சியன்னாவும் ரோஸும் கலந்த வெதுவெதுப்பில் முடியுங்கள். அங்கே நிறுத்தாமல், அக்கரை வரவேண்டிய இடத்தையும் தாண்டி, அதே வண்ணங்களைத் தலைகீழ் வரிசையில் நீருக்குள் கொண்டுபோங்கள். தொலைநீர் அடிவானத்தின் வெளிறிய வானத்தையும், அருகிலுள்ள நீர் தலைக்கு மேலுள்ள ஆழ்ந்த வானத்தையும் பிரதிபலிக்கின்றன. ஆகவே நீர் நம்மை நோக்கி வரவரக் கருமை ஏறும். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தொலைவில் சாய்ந்து பார்க்கும்போது நீர் கண்ணாடியாகிறது. காலடியில் நேர்கீழே பார்க்கும்போது விழும் ஒளியில் ஏறத்தாழ 2 சதவீதமே மேற்பரப்பில் திரும்புவதால், நாம் காண்பது ஆற்றின் அடித்தளத்தை, அல்லது நீரில் மிதந்துவரும் வண்டலை. உருகுபனி கலந்த நீரென்றால் தாளின் அடிப்பகுதியில் அல்ட்ராமரினோடு பர்ன்ட் சியன்னாவைச் சேர்த்து அந்தக் கலங்கலைக் கொண்டுவாருங்கள். நீர்வண்ணம் காய்ந்ததும் வெளிறும் என்பதால் எல்லாவற்றையும் ஒரு படி அழுத்தமாகவே வைக்க வேண்டும்.

இப்போது பொறுமை தேவை. தாளைப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தால் ஈரத்தின் பளபளப்பு தெரியும். அது மறைந்து, தாள் மங்கி, தொட்டால் இன்னும் குளிர்ச்சியாக இருக்கும் அந்தத் தருணம்தான் தொலைமலைகளுக்கும் மரவரிசையின் உச்சிக்கும் உரியது. அதற்கு முன் வைத்தால் வண்ணம் ஓடிப் பரவும். தாளைவிட ஈரமான தூரிகையோடு போனால் பூக்கோசுபோல் ஓரம் கிளம்பும். தூரிகையை ஒருமுறை துணியில் ஒற்றிவிட்டு, ஊதாச் சாம்பலை எடுத்து, தூரிகையின் பக்கவாட்டால் அக்கரை மரக்கூட்டத்தைப் படிய வையுங்கள். உச்சி மென்மையாகக் கரைய வேண்டும், ஏனெனில் அங்கே இருப்பது நூல்போன்ற நுனிக்கிளைகளும் அவற்றுக்கிடையே வானமும். ஓரிரு இடங்களில் வில்லோ மஞ்சளை அந்த ஈரத்திலேயே சொட்டவிடுங்கள். இரண்டும் ஒன்றையொன்று தொட்டு, கலந்தும் கலவாமலும் காயட்டும்.

அந்தக் கூட்டத்தில் வெளிறிய பர்ச் தண்டுகள் வேண்டுமென்றால், பூச்சு முக்கால் காய்ந்த நிலையில் ஒரு கெட்டி அட்டையின் முனையால் கீழிருந்து மேலாக இழுத்துச் சுரண்டுங்கள். வண்ணம் விலகி வெளிச்சமான கோடு கிடைக்கும். அவசரப்பட்டு முழு ஈரத்தில் சுரண்டினால், கீறிய பள்ளத்தில் வண்ணம் இறங்கிக் கருங்கோடாகிவிடும்.

பிரதிபலிப்பு

ஆற்றுப் படத்தில் மிகவும் கவனிக்க வேண்டிய பகுதி இதுதான், எளிதில் தவறுவதும் இதுதான். பிரதிபலிப்பு என்பது தலைகீழாக ஒட்டிய நகல் இல்லை. நம் கண்ணுக்குத் தெரிவது, நீர்மட்டத்துக்குக் கீழிருந்து ஒருவர் அண்ணாந்து பார்த்தால் தெரியும் காட்சி. ஆகவே கரைக்குப் பின்னால் தள்ளி நிற்கும் மரத்தின் அடிப்பகுதியைக் கரையின் பிரதிபலிப்பு மறைத்துவிடும், அதன் உச்சி மட்டும் நீரில் விழும். நம்மை நோக்கிச் சாய்ந்த மரத்தின் பிரதிபலிப்பு அந்த மரத்தைவிட நீளமாகவும், விலகிச் சாய்ந்த மரத்தின் பிரதிபலிப்பு குட்டையாகவும் இருக்கும். எந்தப் பொருளும் தன் பிரதிபலிப்போடு நேர்செங்குத்தாக ஒரே கோட்டில் நிற்கும். அது ஒருபோதும் பக்கவாட்டில் நகராது. நிழலோ வெயிலின் திசையில் சாயும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் நீர் நம்பகத்தன்மையை இழந்துவிடும்.

வெளிச்ச அளவும் மாறுகிறது. கருமையான பொருள் நீரில் சற்று வெளிறியும், வெளிச்சமான பொருள் சற்று மங்கியும் தெரியும். எனவே அக்கரை மரங்களுக்குக் கலந்த ஊதாச் சாம்பலில் கொஞ்சம் நீரும், நீரின் நிறமும் சேர்த்து, நனைத்த நீர்ப்பகுதியில் மேலிருந்து கீழாக இழுங்கள். சிற்றலை இருந்த நாளென்றால் பிரதிபலிப்பு கீழ்நோக்கி நீண்டு, ஓரங்கள் உடைந்து, மரத்தின் உயரத்தைத் தாண்டியும் வரலாம், தயங்க வேண்டாம். ஈரம் குறையும்போது, சுத்தமான, பிழிந்த தட்டைத் தூரிகையால் ஓரிடத்தில் மட்டும் கிடையாக ஒரு கோடு ஒற்றி எடுங்கள். காற்று நீரைத் தொட்ட இடம் அது. அந்த ஒற்றைக் கோடு நீர்ப்பரப்பைத் தட்டையாகக் கிடத்திவிடும். ஒரு கோடு, மிஞ்சினால் இரண்டு. ஐந்தாறு போட்டால் ஏணியாகிவிடும்.

அருகிலுள்ள கரை

தாள் முழுதும் காய்ந்தபின் முன்கரைக்கு வாருங்கள். அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் நீர் குறைவாகச் சேர்ந்த அடர்கலவையால் ஈரமண்ணையும் வேர்களையும் வைக்கும்போது, விட்டுவைத்த நாணல் பட்டை தானாகவே ஒளிரத் தொடங்கும். அதன்மேல் நீர்த்த ரா சியன்னாவை ஒரே ஓட்டத்தில் பூசிவிட்டு, காய்ந்தபின் ரிக்கர் தூரிகையால் சில தண்டுகளை மட்டும் அடியிலிருந்து மேலாக இழுங்கள். குளிர்காலக் காற்றிலும் பனியின் சுமையிலும் பாதி நாணல் முறிந்து சாய்ந்திருக்கும். எல்லாம் நிமிர்ந்து நின்றால் அது இலையுதிர்காலம்.

சட்டகத்தின் ஓரத்திலிருந்து ஒரு வில்லோ கிளை உள்ளே நீண்டிருந்தால், அது இந்தப் பருவத்தின் கையெழுத்து. அதில் பிளந்த மொட்டுகள் இரண்டோ மூன்றோ மட்டும் போதும். பட்டுப்போன்ற மயிர் மூடிய அந்தப் பூங்கொத்தின் ஒவ்வொன்றுக்கும், கடுகைவிடச் சற்றுப் பெரிய முட்டை வடிவத்தில் தாளின் வெண்மையை விட்டுவையுங்கள்; அதன் கீழ்ப்பாதியில் மட்டும் நீர்த்த சாம்பலைத் தொட்டு, மேல்விளிம்பை அப்படியே விடுங்கள்; அடியில், உதிராமல் ஒட்டிக்கொண்டிருக்கும் செதிலுக்குப் பர்ன்ட் சியன்னாவும் ரோஸும் கலந்த ஒரு புள்ளி வையுங்கள். வெள்ளை வண்ணத்தால் இதைச் செய்தால் கனத்துப் போகிறது. தாளின் வெண்மையே அந்த மென்மையைத் தருகிறது.

கடைசியாகத்தான் பச்சை. படத்தை எதிர்ச்சுவரில் சாய்த்துவைத்து, நான்கடி தள்ளி நின்று, கோட்டோவியத்தையும் குறிப்புகளையும் மறுபடி படித்துவிட்டு, தேவைப்பட்டால் மட்டும் கலக்குங்கள். லெமன் எல்லோவோடு செருலியன் சேர்ந்தால் பச்சை கூர்மையாக வரும்; அல்ட்ராமரின் சேர்ந்தால் அதிலுள்ள சிவப்புச் சாயல் அதை மந்தப்படுத்தும், இப்பருவத்துக்கு அதுவே பொருந்தும். வெயில் முதலில் படும் கரைச்சரிவில், பழைய புல்லின் அடியில், நகம் அளவுக்கு ஓர் இடம், தேவையானால் அதன் அருகே இன்னும் சிறிய ஓர் இடம். மரங்களில் வேண்டாம்.

எல்லாம் காய்ந்தபின் ஒட்டுநாடாவைத் தாளிலிருந்து வெளிப்பக்கமாகச் சாய்த்து மெல்ல உரித்தெடுங்கள். தாள் நெளிந்திருந்தால், ஓவியத்தைக் கவிழ்த்துவைத்துப் பின்புறத்தில் மட்டும் பஞ்சால் லேசாக ஈரப்படுத்தி, இரண்டு சுத்தமான உறிஞ்சுதாள்களுக்கு இடையே வைத்து, மேலே ஒரு பலகையும் கனமான புத்தகங்களும் ஏற்றி ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் எடுத்ததும், பின்புறத்தில் ஆற்றின் பெயர், கோட்டோவியம் வரைந்த நாள், தீட்டி முடித்த நாள், பயன்படுத்திய ஆறு வண்ணங்கள் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிவையுங்கள்.